நாலு பேருக்கும் ஒரே குணம்

எங்கள் பள்ளிச் சமையலறையில் நாங்கள் நாலு பேர். நானூற்று முப்பது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. பெரிய சட்டிகளுக்குப் பொறுப்பு தலைமைச் சமையல்காரர் கும்ரே அக்கா. பரிமாறும் வரிசையில் மல்சுக். காய்கறி, சோறு இரண்டுக்கும் யொனொக். தட்டு கழுவும் அறையில் நான், பில்ரான். இது யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்த வேலை இல்லை. ஆறு வருஷத்தில் அவரவர் போய் நின்ற இடம் அவரவருக்கு ஆகிவிட்டது.

தட்டு கழுவும் அறை என்றால் மற்ற மூன்று பேருக்கும் ஆகாது. ஆவி அடிக்கும். ரப்பர் ஏப்ரனுக்குள் வேர்த்து ஊற்றும். மெஷின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. எனக்கு அந்த சத்தம்தான் பிடிக்கும். அது ஓடுகிற வரைக்கும் யாரும் என்னிடம் எதுவும் கேட்க முடியாது. நானும் யாருக்கும் சிரித்துக் காட்ட வேண்டாம். ஆனால் பிடிக்கும் என்று வெளியே சொன்னதில்லை. சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இதற்கு முன்னால் இரண்டு வேலை என் முகத்தால் போயிருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்தில் நாலு மாசம். அப்புறம் ஒரு நூடுல்ஸ் கடை. அந்தக் கடைக்காரர் கூப்பிட்டு நேராகவே சொன்னார்: "நீங்க நல்லா வேலை பாக்கறீங்க. ஆனா உங்க முகத்தைப் பாத்தா சாப்பிட வர்றவன் எழவு வீட்டுக்கு வந்துட்டோமோன்னு பயப்படறான்." எனக்கு ஐம்பத்து நாலு வயது. சொந்த ஊர் தெற்கே வாண்டோ தீவு. இங்கே வொன்ஜு நகரத்தில் என்னை நம்பி நான் மட்டும்தான். இந்தத் தட்டு கழுவும் அறையும் போனால் வேறு இடம் எனக்குக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

மார்ச்சில் பள்ளி திறந்தபோது, என்ன சமைப்பது, எவ்வளவு வாங்குவது, யாருக்கு எந்த வேலை என்று முடிவு செய்கிற சத்துணவு டீச்சர் புதிதாக வந்தார். பெயர் தசுல். இருபத்தாறு வயது. முதல் வேலை. எங்களை 'அம்மா' என்றுதான் கூப்பிட்டார். இரண்டாம் நாளே தட்டு கழுவும் அறைக்குள் எட்டிப் பார்த்து, கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, ஒன்றும் தெரியாமல் நின்றார்.

"பில்ரான் அம்மா, ஆறு வருஷமா நீங்க ஒருத்தரேவா இதுக்குள்ள?"

"ஆமா டீச்சர்."

"அநியாயம்" என்றார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. நான் பட்டனை அழுத்தி மெஷினை மறுபடி ஓட விட்டேன்.

அடுத்த வாரம் எங்கள் போனுக்கு ஒரு பரீட்சையை அனுப்பினார். குணம் என்ன வகை என்று பார்க்கிற பரீட்சை; அறுபது கேள்வி, கடைசியில் நாலு எழுத்து வரும். இந்த நாட்டில் இப்போது பிள்ளைகள் பெயர் கேட்பதற்கு முன்னாலேயே அந்த நாலு எழுத்தைத்தான் கேட்கிறார்கள். முதல் எழுத்து இ என்றால் ஆட்களோடு இருந்தால் தெம்பு வருகிறவர், ஐ என்றால் தனியாக இருந்தால் தெம்பு வருகிறவர். அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். "ஒரு குழுவா வேலை செய்யறோம், ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கலாமே" என்று டீச்சர் செய்தியில் எழுதியிருந்தார். கீழே ஒரு முயல் பொம்மை குதித்துக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து ஓய்வறையில், அடியில் சூடேற்றிய தரையில் உட்கார்ந்தோம். கும்ரே அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது எங்கே போய்ச் சேரும்? நம்ம ஃபைல்ல ஏறுமா?"

"மதிப்பீட்டு மாசம் வேற" என்றாள் யொனொக். எங்களில் அவள்தான் சின்னவள், நாற்பத்தேழு. "சும்மாவா கேப்பாங்க?"

"அப்போ எல்லாரும் ஒரே மாதிரி போடுங்க" என்றார் கும்ரே அக்கா. "ஒருத்தி மாத்திப் போட்டா அவளைத்தான் கூப்பிட்டு விசாரிப்பாங்க. மல்சுக், நீ சத்தமாப் படி. நீ என்ன போடறியோ அதையே நாங்களும் போடறோம்."

மல்சுக்குக்கு வேறென்ன வேண்டும்? தொண்டையைச் செருமிக்கொண்டாள். "முதல் கேள்வி. 'முன்பின் தெரியாதவர்களிடம் நீங்களே பேச்சைத் தொடங்குவீர்களா?' இதெல்லாம் ஒரு கேள்வியாடி? பேசாம எப்படித் தெரிஞ்சவங்களாக்கறது? ரொம்ப ஆமா!"

"ரொம்ப ஆமா" என்று மூன்று பேரும் அழுத்தினோம்.

"'கூட்டத்தில் இருந்துவிட்டு வந்தால் களைப்பாக இருக்குமா?' எனக்கா? கூட்டத்துக்குப் போகலைன்னாதான் எனக்கு மேலு வலிக்கும். ரொம்ப இல்லை."

நான் அழுத்தப்போன விரலை ஒரு நிமிஷம் நிறுத்தினேன். கும்ரே அக்கா என் போனை எட்டிப் பார்த்தார். "என்ன யோசனை? இல்லைன்னு போடு." போட்டேன்.

மறுநாள் டீச்சர் ஓடி வந்தார். கையில் அச்செடுத்த நாலு தாள்.

"அம்மா! உங்க நாலு பேருக்கும் இ-எஸ்-எஃப்-ஜே! நாலு பேருக்கும் ஒரே வகை! இப்படி ஒரு குழு நான் கேள்விப்பட்டதே இல்லை!"

ஆளோடு பழகப் பிடிக்கும், விருந்தோம்பல் அதிகம், அடுத்தவர் முகம் வாடினால் தாங்காது என்று தாளில் போட்டிருந்தது. நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் தலையாட்டினோம். டீச்சர் அதைப் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நாலு பேருக்கும் ஆளோடு பழகப் பிடிக்கும் என்றால் ஒருத்தரை மட்டும் ஆவிக்குள் அடைத்து வைப்பது கொடுமை. இனி எல்லா இடத்தையும் மாசா மாசம் மாற்றிக்கொள்வோம். முதலில் பில்ரான் அம்மா பரிமாறும் வரிசைக்கு. இத்தனை வருஷம் பிள்ளைகள் முகமே பார்க்காமல் இருந்தவர் அல்லவா?

"தேங்க்ஸ் டீச்சர்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அது என் தாள். என் பெயர் போட்டிருந்தது.

பரிமாறும் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். நடுநிலைப் பள்ளிப் பையன்கள் பசியில் வருவார்கள். தட்டை நீட்டும்போதே கண்ணால் சட்டியை எண்ணுவார்கள். மல்சுக் அதை ஒரு விளையாட்டாக நடத்துவாள். "இன்னொண்ணா? உங்கம்மா உன்னை எனக்கு வித்துட்டாளா? போடா, போ, அடுத்தவன்!" என்பாள். பையன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். எனக்கு அந்த வாய் கிடையாது. ஒரு பையன் தட்டை எடுக்காமல் நின்றால் எனக்கு மூச்சு முட்டும். அவன் போனால் போதும் என்று இன்னொரு துண்டு வைத்துவிடுவேன். ஒருமணி நேரத்தில் நானூற்று முப்பது முகம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் விளக்கைப் போடக்கூடத் தெம்பு இருக்காது. செருப்பைக் கழற்றிய இடத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அங்கே மல்சுக்கின் நிலையும் சுகமில்லை. என் அறையில் இப்போது அவள். ஓய்வுநேரத்தில் சிவந்த கையைக் காட்டி, "கொதிக்கிற தண்ணி, ஒரு மனுஷ முகம் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. நேத்து மெஷின்கிட்ட பேசிட்டிருந்தேன்" என்றாள்.

"நீளக் கையுறை போட்டுக்கங்க அக்கா" என்றாள் யொனொக்.

"அடியே, நீ என்ன டி-யா? கை சுட்டுடுச்சுன்னா முதல்ல 'ஐயோ அக்கா'ன்னு சொல்லணும். அப்புறம்தான் கையுறை!"

டி என்றால் மனசால் இல்லாமல் மூளையால் பதில் சொல்கிறவர். மல்சுக்கின் மகள் தினமும் அப்பாவைப் பார்த்து இப்படிக் கேட்பாளாம். அன்றைக்கு நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: இந்த மாசத்தோடு நின்றுவிடுவதாகச் சொல்லிவிடலாம். நூடுல்ஸ் கடைக்காரர் மாதிரி யாராவது கூப்பிட்டுச் சொல்வதற்கு முன்னால் நானே போய்விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அந்தப் பரீட்சையை மறுபடி எடுத்தேன். ஏன் என்று தெரியவில்லை. யாரும் எட்டிப் பார்க்காமல், மல்சுக் குரல் இல்லாமல். அறுபது கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. 'கூட்டத்தில் இருந்துவிட்டு வந்தால் களைப்பாக இருக்குமா?' இதை என்னிடம் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. ரொம்ப ஆமா என்று போட்டேன். போட்டுவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தேன், யாரோ அதட்டப்போகிற மாதிரி. யாரும் அதட்டவில்லை.

ஐ-எஸ்-டி-ஜே என்று வந்தது. கீழே விளக்கம். இவர்கள் குறைவாகப் பேசுவார்கள்; சொன்ன வேலையைச் சொன்னபடி முடிப்பார்கள்; ஆட்கள் நடுவில் இருந்தால் தெம்பு குறையும், தனியாக இருந்தால் திரும்ப ஊறும். இதே குணம் எத்தனையோ பேருக்கு இருக்கிறதாம். குறை என்றோ, திருத்திக்கொள் என்றோ ஓர் இடத்தில்கூடப் போடவில்லை. இரண்டு தரம் தேடிப் பார்த்துவிட்டேன். அப்புறம் எழுந்து சோற்றைச் சூடாக்கி, கடல்பாசி சூப்போடு ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டேன். இரண்டு வாரத்தில் அன்றைக்குத்தான் பசித்தது.

ஆனால் அதை டீச்சரிடம் சொல்ல முடியாது. என் தாள் பொய் என்றால் மற்ற மூன்று தாளும் பொய். ஒருத்தி மாற்றிப் போட்டால் அவளைத்தான் விசாரிப்பார்கள் என்று கும்ரே அக்கா சொன்னது சரிதான். அந்த ஒருத்தி கும்ரே அக்காவையும் இழுத்துவிடுவாள். அவர் ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது.

புதன்கிழமை வந்தது. புதன் என்றால் பிள்ளைகளுக்குப் பிடித்த சாப்பாடு. இனிப்பும் காரமுமாக சாஸில் புரட்டிய கோழி வறுவல், ஆளுக்கு ஐந்து துண்டு. காலையிலிருந்தே வாசனை மாடி வரைக்கும் போயிருந்தது. முதல் மணி அடித்ததும் படிக்கட்டு அதிர ஓடி வந்தார்கள். எண்ணி ஐந்து வைக்கிறேன். தட்டு நகரவில்லை. "அம்மா, ஒண்ணே ஒண்ணு." வைக்கிறேன். அடுத்தவன் பார்த்துவிட்டான். அவனுக்கும் ஒன்று. சட்டி குறைந்துகொண்டே வருவது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் இடுக்கி தானாகப் போகிறது.

முதலாம் ஆண்டின் நான்காம் பிரிவுதான் கடைசியாகச் சாப்பிடுகிற வகுப்பு. இருபத்தாறு பேர். அவர்கள் வந்து நின்றபோது சட்டியில் சாஸ் மட்டும் இருந்தது.

பள்ளிச் சமையலறையில் இதைவிடப் பெரிய விபத்து இல்லை. உப்புக் கூடலாம், சோறு குழையலாம். கடைசி வகுப்புக்கு இல்லை என்று மட்டும் ஆகக்கூடாது. டீச்சர் முகம் வெளுத்துப்போனது. கும்ரே அக்கா எண்ணெயை மறுபடி காயவைத்து, உறைபெட்டியில் இருந்த கறிக் கொழுக்கட்டையைப் பொரிக்க ஆரம்பித்தார். இருபத்தாறு பையன்கள் கால் மணி நேரம் வெறும் சோற்றையும் கிம்ச்சி ஊறுகாயையும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருத்தன் அழுதேவிட்டான். மீசை அரும்பிய பையன்.

எல்லாம் முடிந்து ஓய்வறையில் உட்கார்ந்தோம். டீச்சரும் வந்து வாசல் பக்கமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான்தான் கோழி எடை தப்பாக் கணக்குப் போட்டு வாங்கிட்டேன்" என்றார். "துணைத் தலைமையாசிரியருக்கு விளக்கம் எழுதணும். எழுதிடறேன். நீங்க யாரும் கவலைப்படாதீங்க."

அவர் கணக்கு தப்பில்லை. நானூற்று முப்பதுக்கு ஐந்து வீதம், மேலே ஐம்பது துண்டு உபரி. காலையில் எடை போட்டவள் நான். வாயைத் திறக்காமல் இருந்தால் முதல் வேலையில் முதல் மாசத்தில் இந்தப் பெண் பெயரில் ஒரு தாள் ஏறும். என் தாளைப் போலவே அதுவும் பொய்த் தாள்.

"கணக்கு சரிதான் டீச்சர்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நான்தான் கேக்கறவனுக்கெல்லாம் கூடப் போட்டேன். எனக்கு இல்லைன்னு சொல்ல வராது. அந்த வரிசையில நின்னா எனக்கு மூச்சு முட்டுது."

"ஆனா உங்களுக்கு ஆளோட பழக..." என்று ஆரம்பித்தார் டீச்சர்.

"அந்தப் பரீட்சையில நான் காப்பியடிச்சேன்."

நான் கும்ரே அக்காவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் மட்டும்தான்" என்றேன்.

"ஏன் பொய் சொல்றே?" என்றார் கும்ரே அக்கா.

முடிந்தது என்று நினைத்தேன்.

"நாலு பேரும்தான் அடிச்சோம் டீச்சர்" என்றார் அவர். "நான்தான் அடிக்கச் சொன்னேன். மார்க் போடுவாங்கன்னு நினைச்சேன். இந்தச் சமையலறையில இருபத்திரண்டு வருஷமா எது வந்தாலும் அதுக்கு மார்க் உண்டு. இதுக்கு இல்லைன்னு எனக்கு யாரு சொன்னா?"

டீச்சர் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "காப்பின்னா... யாரைப் பாத்து?"

மல்சுக் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

டீச்சருக்கு முதலில் அழுகை வருகிற மாதிரி உதடு நடுங்கியது. அப்புறம் பார்த்தால் அது சிரிப்பு. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "நாலு மல்சுக் அம்மா! நாலு பேரு இருக்கறதா நினைச்சு நான் அட்டவணை போட்டேன், பில்ரான் அம்மா!"

"ஒரு மல்சுக்கையே தாங்க முடியலை" என்றாள் யொனொக்.

"வாய மூடுடி, டி!"

சிரித்து ஓய்ந்த பிறகு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, இதுல பாஸ் ஃபெயில் இல்லை. எந்தக் கையால குச்சி பிடிச்சா உங்களுக்குச் சாப்பிட வசதியோ, அதைச் சொல்றது மாதிரிதான். நான் கேக்காமலே உங்களை ரெண்டு வாரம் இடக்கையால சாப்பிட வெச்சிருக்கேன். மன்னிச்சிடுங்க."

அன்றைக்கே மறுபடி பரீட்சை நடந்தது. இந்தத் தரம் டீச்சர் எங்களை ஆளுக்கு ஓர் இடத்தில் உட்கார வைத்தார். யொனொக் அரிசி மூட்டை மேல். மல்சுக் உடைமாற்றும் அறையில். அங்கிருந்தும் கேள்வியைச் சத்தமாகப் படித்தாள், டீச்சர் கதவைத் தட்டி அடக்கினார். நான் என் பழைய அறையில், ஓடாத மெஷின் பக்கத்தில். கும்ரே அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பரிமாறும் மேஜையில்.

மல்சுக்குக்கு அதே இ-எஸ்-எஃப்-ஜே. "பாத்தியா, நான் மட்டும்தான் அன்னைக்கே உண்மை சொன்னவ" என்றாள். யொனொக்குக்கு இ, ஆனால் நடுவில் டி. தெரிந்ததுதான். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வந்ததே வந்தது. கும்ரே அக்கா தன் போனை யாரிடமும் காட்டவில்லை. ரொம்ப நேரம் கழித்து டீச்சரிடம் நீட்டினார்.

"முதல் எழுத்து ஐ" என்றார் டீச்சர்.

"அக்கா நீங்களா?" மல்சுக்குக்கு நம்பிக்கையே வரவில்லை. "நீங்க போடற சத்தம் பள்ளி வாசல் வரைக்கும் கேக்குமே!"

"புகை இழுக்கற ஃபேன் அந்தச் சத்தம் போடுதே, கத்தாம எப்படி?" என்றார் கும்ரே அக்கா. "வீட்டுக்குப் போனா எம் புருஷன் டிவியைக்கூட சத்தமில்லாமத்தான் வெப்பாரு. ஏன்னு அவருக்குத் தெரியும்." அதைச் சொல்லிவிட்டு அவர் ஓர் ஓரமாக, முட்டிபோட்டு உட்காராமல், காலை நன்றாக நீட்டிச் சாய்ந்துகொண்டார். ஆறு வருஷத்தில் அவர் அப்படிச் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

எழுத்தைப் பார்த்து இடத்தைப் பிரிக்க டீச்சருக்கு இப்போது துணிச்சல் இல்லை. ஒவ்வொருத்தரையும் கேட்டார். மல்சுக் வரிசைக்கு, அதைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. யொனொக், "நான் வெங்காயத்தோட இருந்துக்கறேன், ஆனா யாராவது பக்கத்துல பேசிட்டிருக்கணும்" என்றாள். நான் தட்டு கழுவும் அறை என்றேன். சொல்லும்போது காது சூடானது. பிடித்திருக்கிறது என்பதை முதல்தடவை வெளியே சொல்கிறேன்.

"தனியா வேண்டாம் அம்மா" என்றார் டீச்சர். "பிடிச்சாலும் பாரம் பாரம்தான். ரெண்டு பேரு வேணும் அங்கே. இன்னொண்ணு. திங்கக்கிழமை திங்கக்கிழமை நீங்களும் வரிசையில நிக்கணும். மல்சுக் அம்மாவுக்கு ஒருநாள் உடம்பு சரியில்லைன்னா நாம என்ன பண்றது?"

எனக்குத் திக்கென்றது.

"கிம்ச்சி இடத்துல" என்றார் டீச்சர் அவசரமாக. "கிம்ச்சியை எவனும் இன்னொண்ணு கேக்க மாட்டான்."

அது உண்மை. மூன்று திங்கட்கிழமை ஆகிவிட்டது, ஒருத்தன் கேட்கவில்லை. 'கொஞ்சமாப் போடுங்க' என்கிறார்கள். அதற்குத் தலையாட்டினால் போதும்.

மறுநாள் அந்த இருபத்தாறு பையன்களுக்கும் தனியாகக் கோழி பொரித்தோம்; முதல் வரிசை, ஆளுக்கு ஏழு துண்டு. துணைத் தலைமையாசிரியருக்கு டீச்சர் உண்மையை எழுதினார்: பரிமாறியதில் அளவு கூடியது, ஆள் மாற்றம் சரிசெய்யப்பட்டது. அவர் படித்துவிட்டு, கோழி மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாராம். மாசக் கடைசியும் வந்து போனது. வேலையை விடுகிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

தட்டு கழுவும் அறைக்கு இரண்டாவது ஆளாக வந்தது கும்ரே அக்கா. பொரிப்பதெல்லாம் பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிடும், அதற்கப்புறம் சட்டிப் பக்கம் எனக்கென்ன வேலை என்று அவரே சொல்லிக்கொண்டார். முதல் நாள் எனக்குக் கை கால் ஓடவில்லை. தலைமைச் சமையல்காரர் பக்கத்தில் நின்றால் ஏதாவது பேசவேண்டுமே என்று மூன்று வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் ஏப்ரனைக் கட்டினார். கையுறையை முழங்கை வரை இழுத்தார். தட்டுகளை உதறி உதறி என் பக்கம் தள்ள ஆரம்பித்தார். நான் அடுக்கினேன். மெஷின் ஓடியது. நாற்பது நிமிஷம். நானூறு தட்டு. நான் தயார் பண்ணி வைத்த மூன்று வாக்கியமும் தேவைப்படவில்லை.

மெஷின் ஒரு சுற்று முடிந்து நின்றபோது, வெளியே மல்சுக் யாரையோ பிடித்து, "டேய், உனக்கு வயிறா, கிணறா?" என்று கத்திக்கொண்டிருந்தாள். வரிசையே கொல்லென்று சிரித்தது. சிரிப்பு உள்ளே வரைக்கும் வந்தது.

கும்ரே அக்கா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் ஈரக் கையோடு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அடுத்த தட்டை எடுத்தார்.